கரடிக்கென்று எடுத்து வைத்த பெட்டி

ஸ்ப்ரூஸ் ஏரி, மினசோட்டா
ஆகஸ்ட் 7, 1988

ரெய்னோ அண்ணாவுக்கு,

நேற்றுக் காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிக்குத் தண்ணீர்கூட வைக்காமல், அப்பாவின் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கினேன். மூன்று வருஷமாகத் தூசு தட்டுவதற்குத் தவிர அதைத் தொட்டதில்லை. குழலில் பொறித்திருந்த தோட்டா அளவு கண்ணுக்குத் தெரியவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பூச்சிக் கால்களைக் காட்டுகிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து படித்தேன். 30-06. அவ்வளவுதான். அதைத் தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், மறந்துபோகிற சங்கதி போல.

எனக்குக் கரடி வேட்டை அனுமதி விழுந்திருக்கிறது. இல்மரி ஒவ்வொரு வசந்தத்திலும் தன் பெயரோடு, மனைவி என்று என் பெயரையும் சேர்த்துக் குலுக்கலுக்கு அனுப்புவார், தெரியுமே. ஒரு வருஷமும் விழுந்ததில்லை. இந்த வருஷம் இரண்டு பேருக்கும் விழுந்தது. ஆனால் ஜூன் மாதம் அவருக்கு இதயத்தில் அறுவை நடந்தது. அதுவும் உனக்குத் தெரியும். யார் சொன்னார்களோ, அட்டை அனுப்பினாயே, வெறும் கையெழுத்தோடு.

நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வரை துப்பாக்கியைத் தோளில் வைக்கக் கூடாது, கனமாக எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே இருந்தார். அனுமதிக் கடிதம் வந்த அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "நேரம் பார்த்து வருது பாரு" என்றார். விட்டுவிடலாம் என்றும் சொன்னார். நான்தான், நான் போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

பயம் கரடியைப் பற்றி இல்லை அண்ணா. நான் சரியாகச் சுடாமல் அது காயத்தோடு சதுப்புக்குள் போய்விட்டால், இல்மரி அதைத் தேடிக்கொண்டு உள்ளே போவார். இடுப்பளவு பாசியில், விழுந்த மரங்களுக்கு நடுவே, அந்தத் தைத்த நெஞ்சோடு. காயம்பட்ட பிராணியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள் அவர் இல்லை. கையைப் பிடித்து நிறுத்த என்னால் ஆகாது. அதனால் என் கரடி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழ வேண்டும். வேறு வழி எனக்கில்லை.

நேற்று லுட்விக்கின் இரும்புக்கடைக்குப் போனேன். சுவர் முழுக்கத் தோட்டாப் பெட்டிகள். எல்லாம் 30-06தான், ஆனால் நூற்று ஐம்பது கிரெயின், நூற்று அறுபத்தைந்து, நூற்று எண்பது, இருநூற்று இருபது என்று குண்டின் எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எது வேண்டும் என்று லுட்விக்கையே கேட்டேன். "மான் படம் போட்டது மானுக்கு டீச்சர்" என்றார். கரடிப் படம் போட்டது எது என்றால், தீர்ந்துவிட்டதாம். ஆணி வாங்க வந்த ஒருவர் எடை கூடியதுதான் நல்லது என்றார், அவருக்குப் பின்னால் நின்றவர் வேகம் கூடியதுதான் என்றார். அவர்களே வாதாடிக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். வந்த பிறகுதான் தெரிந்தது, வாசல் கீல் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. இல்மரியைக் கேட்டால் "எதை வேணா வாங்கு, கிட்டத்துலதானே" என்கிறார். நான் கவலைப்படக் கூடாதாம். நீ பள்ளி முடிக்கும்வரை ஒவ்வொரு இலையுதிர் காலமும் அப்பாவோடு காட்டுக்குப் போனவன். பதில் எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம். அந்தத் துப்பாக்கியைப் பற்றிய கேள்வியை உன்னிடமே கேட்கிறேன் என்பது எனக்கும் தெரிகிறது.

இர்யா


கப்பல், ஈரி ஏரி
ஆகஸ்ட் 14

டீச்சரம்மாவுக்கு,

லெட்டர் வந்துச்சு. டெட்ராய்ட் ஆத்துல தபால் படகு பக்கத்துல வரும், நாங்க கயித்துல வாளியக் கட்டி இறக்குவோம், அதுல போடுவாங்க. மூணு வருஷத்துல அந்த வாளியில எனக்குன்னு வந்தது வரி நோட்டீசும் பல் டாக்டர் அட்டையும்தான். உன் கையெழுத்தப் பாத்ததும் யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சேன். பிரிச்சா தோட்டா விசாரணை.

துப்பாக்கி உன்கிட்ட இருக்கு. அதுகிட்டயே கேட்டிருக்கலாம். சரி, விடு.

இந்த சீசன் எங்களச் சுண்ணாம்புக் கல்லுல போட்டுட்டாங்க. ஹூரான் ஏரியில ஏத்தி ஈரி ஏரியில கொட்டறது. மேல உங்க பக்கம் வர்றதே இல்ல. எல்லாம் வெள்ளத் தூசி. காபியில கூட.

கேட்டதுக்குச் சொல்றேன். கரடி மான் இல்ல. இந்த மாசத்துல அதுக்குத் தோலுக்கு அடியில கை தடிமன் கொழுப்பு. ஓட்ட விழுந்தா கொழுப்பு வந்து அடைச்சுக்கும். கசியற ரத்தத்த மயிரு குடிச்சுடும். தரையில சொட்டு விழாது, எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியாது. அதனால உனக்கு ரெண்டு ஓட்ட வேணும். உள்ள போனது ஒண்ணு, அந்தப் பக்கம் வெளிய வந்தது ஒண்ணு. லேசான, வேகமான குண்டு தோள் எலும்புல பட்டா சிதறிடும், வெளிய வராது. அது மானுக்கு.

நூத்தி எண்பது வாங்கு. முனையில ஈயம் தெரியணும். செம்பு உறை தடியா, குண்டோட கீழ்ப்பாதிய விடாமப் பிடிச்சிருக்கற மாதிரி செஞ்சது. பெட்டியில பெரிய மிருகத்துக்குன்னு போட்டிருக்கும். முழுக்கச் செம்பு மூடினது வேணாம், ஊசி மாதிரித் துளைச்சுட்டுப் போயிடும். இருநூத்தி இருபதும் வேணாம். தோள்ல இடிக்கும், அடுத்த தடவ நீ கண்ண மூடிக்குவ. எங்க சமையல்காரன் ஒனெசிம், மெய்ன் பக்கத்து ஆளு, பதினோரு கரடி சுட்டவன். அவனும் இதத்தான் சொல்றான். அவன் சொன்னது இன்னொண்ணு: "தோட்டா பாதி வேலதான் பாக்கும், மீதிய நீ பாக்கணும்." கரடி குறுக்க நிக்கணும். உன் பக்கம் இருக்கற அதோட முன்னங்கால் ஒரு எட்டு முன்னால போகணும். அப்ப தோளுக்குப் பின்னால, கீழேருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துல. அப்படி நிக்கலேன்னா சுடாத. எத்தன நாள் ஆனாலும் சுடாத.

ஒரு பெட்டியோட நிறுத்தாத. அதே பெட்டி மூணு வாங்கு.

மாப்பிள்ளைக்கு அட்டையில என்ன எழுதறதுன்னு தெரியல. அதான் எழுதல.

ரெய்னோ


ஸ்ப்ரூஸ் ஏரி
ஆகஸ்ட் 21

அண்ணா,

வாளியில் வந்த கடிதத்துக்குப் பதில் வாளியில் வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் கல் தூசு வந்தது. உறையைப் பிரித்ததும் மேஜையெல்லாம் வெள்ளை. இல்மரி விரலால் தொட்டுப் பார்த்து, "உங்க அண்ணன் மாவு அனுப்பியிருக்கான்" என்றார்.

நீ சொன்னபடியே வாங்கிவிட்டேன். நூற்று எண்பது, ஈயமுனை, தடித்த உறை, பெரிய மிருகங்களுக்கு. லுட்விக் மேல் தட்டிலிருந்து எடுத்துத் தந்தார். "இது வேற சாதி டீச்சர்" என்றார். விலையைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று பெட்டி எதற்கு? சுடப் போவது ஒரு தோட்டா. நம் வீட்டுச் சிக்கனத்தில் வளர்ந்தவள் நான். ஒன்று போதும் என்று வாங்கி, அதைப் பிரிக்காமலே அலமாரியில் அம்மாவின் பொன் விளிம்புக் கோப்பைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போதகர் வந்தால் மட்டும் எடுப்பாளே, அந்தக் கோப்பைகள். அங்கே யார் கையும் படாது, ஈரமும் ஏறாது.

பழகுவதற்கு இல்மரியின் பழைய பெட்டிகள் கொட்டகையில் கிடந்தன. நூற்று ஐம்பது, மான் படம் போட்டது. தினமும் மாலையில் சரளைக் குழிக்குப் போகிறோம். அவர் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்துகொண்டு, கால்களை ஆட்டியபடி எனக்குக் குறை சொல்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முதல் நாள் அட்டைப் பெட்டியிலேயே படவில்லை. "குழிய நல்லாச் சுட்டே" என்றார். இப்போது நூறு தப்படியிலிருந்து மூன்று சுட்டால் மூன்றையும் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம். அப்பா கடைசிக் காலத்தில் கண் மங்கியபோது துப்பாக்கி மேல் பொருத்திய தொலைநோக்கியின் திருகுகளை நானே திருப்பி, நடுவுக்குக் கொண்டுவந்தேன். எனக்குப் பெருமைதான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அடுமனையில் மிச்சமாகும் இனிப்பு ரொட்டிகளை வாங்கிப் போய், கரடிக்கு இரையாகக் காட்டில் ஒரு பீப்பாயில் போட்டிருக்கிறோம். நம் பெயரும் அனுமதி எண்ணும் எழுதிய பலகையை மரத்தில் அடித்திருக்கிறோம். அறுபது தப்படியில் பரண். பீப்பாயைத் தினமும் ஏதோ உருட்டிவிட்டுப் போகிறது. பாதத்தின் தடம் என் கையை விரித்து வைத்த அளவுக்கு மேல். பரணுக்கு ஏணி ஏற இல்மரிக்கு அனுமதியில்லை. அவர் சாலையில் வண்டியில் இருப்பார், நான் மட்டும் மேலே. ஊதல் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு தடவை ஊதினால் விழுந்துவிட்டது, வரலாம். இரண்டு தடவை ஊதினால் காயத்தோடு போய்விட்டது, வரக் கூடாது, ஆட்களைக் கூட்டிவரப் போக வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, "ரெண்டு ஊதினா நான் வராம இருப்பேன்னு நெசமாவே நினைக்கிறியா?" என்று கேட்டார்.

முதல் தேதி சீசன் திறக்கிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பா ஏன் துப்பாக்கியை எனக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. சவ அடக்கத்தன்று, சமையலறையில் அத்தனை பேர் நடுவே, "அப்பாவுக்குப் பிள்ளையே இல்லைனு நினைச்சுட்டார் போல" என்று சொல்லிவிட்டுக் கோட்டுகூட மாட்டாமல் போனாய். நான் கையில் காபிப் பாத்திரத்தோடு நின்றேன். அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கி என் வீட்டுச் சுவரில் விருந்தாளி மாதிரி இருக்கிறது.

இர்யா


டொலீடோ துறை
ஆகஸ்ட் 29

இர்யா,

முதல்ல இதப் படி. கோப்பைக்குப் பின்னால வெச்சிருக்கற பெட்டிய எடு. இன்னிக்கே எடு. குழிக்குப் போய் அதுலேருந்து மூணு சுடு. அதச் செய்யாமப் பரண்ல ஏறாத.

ஒரு தோட்டாவுக்குச் சரி பண்ணின துப்பாக்கி இன்னொண்ணுக்குச் சரியா இருக்காது. எடை மாறினா படற இடம் மாறும். சில துப்பாக்கி பெருசாக் கண்டுக்காது. அப்பாவோடது கண்டுக்கும். ரொம்பவே. மூணு பெட்டின்னு நான் எழுதினது அதுக்குத்தான். பழகறதும் அதுலேயே, சரி பண்றதும் அதுலேயே, சுடறதும் அதுலேயே. ஏன்னு எழுதியிருக்கணும். எழுதல, உனக்குத் தெரியும்னு நினைச்சேன். உனக்கு எப்படித் தெரியும்?

துறையில இருக்கற போன்லேருந்து ரெண்டு தடவ அடிச்சுப் பாத்தேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மூணு வருஷமா போன் போடாதவன் போட்டா, எடுக்க வீட்டுல ஆளில்ல. குழியில இருந்திருப்பீங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல கப்பல் கிளம்புது. ரெண்டு நாளைக்குத் தண்ணியிலதான். துறை ஆபீஸ்ல ஒரு பொண்ணு இத அவசரத் தபால்ல போடறேன்னு சொல்லியிருக்கா.

ஏன் எனக்குத் தெரியும்னா, எனக்குப் பதினேழு வயசுல அப்பா இதேதான் செஞ்சார். முன்னாள் ராணுவத்தார் கிளப்புல பழைய பட்டாளத் தோட்டா மூட்டையாக் கிடைச்சுது. அதுல பழகினார். கடைல வாங்கின நல்ல பெட்டிய மானுக்குன்னு தனியா வெச்சார். எங்க வெச்சார் தெரியுமா? அதே அலமாரி. அந்தக் கோப்பைங்களுக்குப் பின்னால. அம்மா சொன்ன இடம்.

பெரிய ஆண் மான். நின்னுச்சு. அப்பா தப்பா சுடற ஆளில்லன்னு உனக்குத் தெரியும். குண்டு தள்ளிப் பட்டு முன்னங்கால் ஒடிஞ்சு தொங்குது. ரெண்டு நாள் நடந்தோம் அதுக்குப் பின்னால. சதுப்புல. ராத்திரி மரத்துக்கு அடியில. ரெண்டாம் நாள் சாயங்காலம் கண்டுபிடிச்சோம். அது எங்களப் பாத்துக்கிட்டே படுத்திருந்துச்சு. எழுந்திருக்க முடியல. அப்பா முடிச்சார். வீட்டுல யாருக்கும் சொல்லாதேன்னார். நான் சொல்லல. உனக்கு அப்ப பதினஞ்சு வயசு, கறி கடினமா இருக்குன்னு கோச்சுக்கிட்ட.

இத எழுதறப்பதான் ஒண்ணு ஞாபகம் வருது. சத்தியமா இந்த நிமிஷம் வரைக்கும் வரல. அங்க சதுப்புல நின்னு நான் அவர்கிட்டச் சொன்னேன், "இந்தத் துப்பாக்கிய இனிமே என் கையால தொடமாட்டேன்"னு. கத்தினேன். அழுதேன்னும் நினைக்கிறேன். அவர் தலைய ஆட்டினார், அவ்வளவுதான். அடுத்த வசந்தத்துல நான் கப்பலுக்கு வந்துட்டேன்.

மனுஷன் அத மறக்கல போல.

மணி ஆச்சு. மூணு சுடு. ஏறாத.

ரெய்னோ


ஸ்ப்ரூஸ் ஏரி
செப்டம்பர் 3

அண்ணா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. சீசன் முந்தின நாளே திறந்துவிட்டது.

பயப்படாதே, நான் சுடவில்லை.

முதல் நாள் மாலை பரணில் இருந்தேன். கோப்பைகளுக்குப் பின்னாலிருந்த பெட்டியை அன்று காலைதான் முதல் தடவையாகப் பிரித்து, நாலு தோட்டா எடுத்துக்கொண்டேன். பளபளவென்று புதுப் பாத்திரம் மாதிரி இருந்தன. வெளிச்சம் சாய்கிற நேரத்தில் கரடி வந்தது. சத்தமே இல்லை. மரங்களுக்கு நடுவில் இருட்டு இருந்த இடத்தில் கரடி இருந்தது, அப்படித்தான் வந்தது. பீப்பாய்க்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. சர்க்கரை ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது. நான் தொலைநோக்கியின் குறுக்கு நூலை அதன் மேலேயே வைத்திருந்தேன். திரும்பும் திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவே இல்லை. எழுந்தது, வந்த வழியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

நான் கீழே இறங்கி வண்டிக்கு நடந்தேன். இல்மரி கேட்டார், வந்துதா என்று. வந்தது என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். அந்த மௌனத்தை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். கோழை என்று நினைக்கிறார் என்று. நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பாவிட்டால் என்ன, அறுபது தப்படியில் எங்கே சுட்டாலும் விழாதா என்று இரவெல்லாம் புரண்டேன். மறுநாள் எப்படி நின்றாலும் சுட்டுவிடுவது என்று விடிவதற்குள் முடிவுகூடச் செய்துவிட்டேன்.

மதியம் உன் கடிதம். வாசலில் நின்றே படித்தேன். பிறகு இல்மரியிடம் கொடுத்தேன். அவர் படித்து முடித்து, மெதுவாக மடித்து, "வண்டி சாவி எங்க?" என்றார்.

மூன்று சுட்டேன், நீ சொன்னபடி. நூறு தப்படி, அதே அட்டை, அதே மூச்சு. மூன்றும் ஒன்றாகத்தான் விழுந்தன. ஆனால் நடுவில் இல்லை. கீழே, வலப்பக்கம், என் கையை விரித்து வைத்த தூரத்தில். நான் மறுபடி சுடப் போனேன், என் தப்பு என்று நினைத்து. இல்மரி பின்பலகையிலிருந்து, "நிறுத்து, உன் மேல தப்பில்ல" என்றார். அட்டைக்கு நடந்து போய்ப் பார்த்தோம். அவர் அந்த மூன்று ஓட்டைகள் மேல் விரலை வைத்தார். பிறகு, கரடிக்கு இங்கேதான் பட்டிருக்கும் என்பது போல, அதே விரலைத் தன் முன்னங்கையில் வைத்துக்கொண்டார். அறுபது தப்படியில் பாதி விலகினாலும் போதும். நுரையீரலுக்குக் குறி வைத்து நான் காலையோ வெறும் கொழுப்பையோ கிழித்திருப்பேன்.

அது திரும்பியிருந்தால் சுட்டிருப்பேன் அண்ணா. விரல் அங்கேதான் இருந்தது.

சரளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அது சிரிப்பாக இல்லை. இல்மரியும் கஷ்டப்பட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து கறியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி ரொட்டியை எடுத்து இரண்டாக உடைத்து, கிழங்கு அதிகமாக இருந்த பாதியை எனக்குக் கொடுத்தார். அவர் அன்று வண்டியில் ஏன் பேசவில்லை என்று அப்போதுதான் சொன்னார். சத்தம் கேட்காத ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு நிம்மதியாக இருந்ததாம். என்னிடம் சொன்னால் நான் போவதை நிறுத்திவிடுவேனோ என்று சொல்லவில்லையாம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறோம்.

பெட்டியில் மிச்சம் இருந்ததை வைத்துத் திருகுகளைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். நேரே லுட்விக்கிடம் போய் அதே எடை, அதே பெட்டி, மூடியில் அச்சிட்ட தொகுப்பு எண்கூட அதேதான், இரண்டு வாங்கினேன். "கரடிக் கூட்டமா டீச்சர்?" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் குழியில் நிறுத்தி, அவற்றில் ஒரு பெட்டியைப் பிரித்து மூன்று சுட்டுப் பார்த்தேன். மூன்றும் கோப்பைக்குள்.

நீ சதுப்பில் சொன்னதைப் பற்றி இப்போது எதுவும் எழுதவில்லை. அதை மூன்று தடவை படித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

இர்யா


ஹூரான் ஏரி
செப்டம்பர் 9

இர்யா,

வாளிய மேல இழுத்ததும் கயித்தக்கூட அவுக்காம அங்கயே நின்னு பிரிச்சுப் படிச்சேன். மத்தவன் தபாலெல்லாம் வாளிக்குள்ள கிடக்கு. "ரெய்னோ, அது உங்க அப்பன் வீட்டு வாளியா?"ன்னு துணைக் கேப்டன் கத்தறான். "பயப்படாதே, நான் சுடவில்லை"ங்கற வரிக்கு வந்தப்புறம்தான் உக்காந்தேன். இரும்புத் தளம், வெயில்ல கொதிக்குது, தெரியல.

ஒனெசிம்கிட்டப் படிச்சுக் காட்டினேன். முதுகக் காட்டிப் போன கரடிய விட்ட பொம்பளய அவன் கல்யாணம் பண்ணிக்கத் தயாராம். மாப்பிள்ளை இருக்கான்னு சொன்னேன். அப்ப கொழுப்பாவது அனுப்பச் சொல்லுங்கறான். கரடிக் கொழுப்புல மாவு பிசைஞ்சு ஆப்பிள் பை செஞ்சா அது வேற பையாம். அதுலேருந்து இதே பேச்சு.

துப்பாக்கி உன் சுவத்துலயே இருக்கட்டும். நான் கேக்கல. நான் மூணு வருஷமா அப்பா மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன், அவர் என் பேச்சத்தான் கேட்டிருக்கார். இத யார்கிட்டப் போய்ச் சொல்றது? அதான் உனக்கு எழுதறேன்.

இல்மரிகிட்டச் சொல்லு, அட்டையில ஒண்ணும் எழுதாததுக்கு. என்ன சொல்லணும்னு நீயே பாத்துச் சொல்லிடு.

குறுக்க நிக்கணும். மறக்காத.

ரெய்னோ


ஸ்ப்ரூஸ் ஏரி
செப்டம்பர் 18

அண்ணா,

விழுந்துவிட்டது. ஒரே ஊதல்.

நடுவில் பல மாலைகள் பீப்பாயை அணில்கள் மட்டுமே விசாரித்தன. செவ்வாய்க்கிழமை மழை விட்டு, காடு சொட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. அதே கரடிதானா என்று தெரியாது. பீப்பாயைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, பிறகு தானாகவே குறுக்காக நின்று, என் பக்கமிருந்த முன்னங்காலை ஒரு எட்டு முன்னால் வைத்தது. நீயும் ஒனெசிமும் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வந்த மாதிரி. நான் மூச்சை விட்டேன். வெடிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

அது பாய்ந்தது, மரங்களுக்குள் போனது, உடையும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு நீண்ட முனகல் கேட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதி வேறு மாதிரி இருந்தது. நான் உடனே இறங்கவில்லை. வெளிச்சம் இருக்கும்வரை இருந்துவிட்டுத்தான் இறங்கினேன். இருபது எட்டுக்குள் கிடந்தது, சதுப்பின் ஓரத்துக்கு இந்தப் பக்கம், காய்ந்த தரையில். ரோமம் ஈரமாக, இன்னும் சூடாக. கையை வைத்துத் தடவித் தேடினேன். உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது ஒன்று. இரண்டும் நான் நினைத்த இடத்தில்.

கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் மண்டியிட்டு இருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு நான் கடன்பட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று இருந்தது. பிறகு ஊதினேன். ஒரு தடவை. இரண்டாவது வராது என்று அவர் நிச்சயப்படுத்திக்கொள்கிற அளவுக்கு நேரம் ஆனது. அப்புறம் தடத்தில் டார்ச் வெளிச்சம் மெதுவாக வந்தது. ஒரு கையில் காபிக் குடுவை. அவசரமே இல்லாமல், மாலை நடை போகிறவர் மாதிரி வந்தார். வந்து பார்த்து, "நல்ல இடத்துல விழுந்திருக்கு" என்றார். கரடியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை.

பக்கத்துப் பண்ணைச் சகோதரர்கள் இரண்டு பேரும் பனிக்காலச் சறுக்குப் பலகை ஒன்றில் வைத்து இழுத்து வந்தார்கள். இல்மரி ஒரு கயிற்றைக்கூடத் தொடவில்லை. எப்படி இழுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்களில் மூத்தவர் கடைசியில் திரும்பி, "உனக்கு நெஞ்சத் தெச்சாங்க, வாயத் தெக்கல பாரு" என்றார். எனக்கு அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

வீட்டுக்கு வந்ததும் காபி போட்டேன். தினசரிக் கோப்பைகள் எல்லாம் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. அலமாரியைத் திறந்து அம்மாவின் கோப்பைகளை எடுத்தேன். ரத்தமும் பிசினும் படிந்த கைகளால் நாலு பேரும் பொன் விளிம்பில் குடித்தோம். சின்னவர் மேஜையில் வைத்தபோது ஒன்றின் கைப்பிடி உடைந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னொன்றை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் கோப்பைகளில் காபி சீக்கிரம் ஆறிவிடுகிறது அண்ணா. இத்தனை வருஷத்தில் அது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கொழுப்பை உருக்கியாயிற்று. பனி மாதிரி வெள்ளை. ஒனெசிமுக்கு இரண்டு தகர டப்பா நிறைய, நன்றாக மூடி அனுப்புகிறேன். வாளி தாங்கும் என்று நம்புகிறேன். அட்டை விஷயத்தை இல்மரியிடம் சொன்னேன். அவர், "அட்டை வந்துச்சே, அது போதாதா?" என்றார். அதை உனக்கு எழுதச் சொன்னார்.

ஒன்று பாக்கி. துப்பாக்கியை உனக்குத் தரப் போவதில்லை. எனக்கு அது இப்போதுதான் பழகியிருக்கிறது. ஆனால் பதினேழு வயதில், இரண்டு நாள் தூங்காமல், சதுப்பில் நின்று கத்தியதை அப்பா மதித்தார். அவர் மதித்தது சரிதான். அதற்காக நாற்பத்தெட்டு வயதிலும் நீ அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று இல்லை.

வசந்தத்தில் குலுக்கல் படிவம் வரும். ஒரு குழுவில் நாலு பேர் வரை சேரலாம். இல்மரி வழக்கம்போல இரண்டு பெயரை எழுதி, மேஜையில் வைத்துவிட்டு, தபால்தலை தேடப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் மூன்றாவது கோட்டில் உன் பெயரை எழுதப் போகிறேன். விழுந்தால், சுடுவது நீ. பரணுக்குக் கீழே ஊதலோடு உட்காருவது நான். அதே தொகுப்பு எண்ணில் முழுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதை அலமாரியில் வைக்கவில்லை. ஏரிகள் உறைந்து நீ ஜனவரியில் கரையேறி வந்ததும் குழிக்குப் போய்ச் சுட்டுத் தீர்ப்பதற்காக வாசல் பக்கம் வைத்திருக்கிறேன்.

இதை இல்மரியிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. இந்த உறையை ஒட்டும்வரை உன்னிடமும் சொன்னதாகாது. பசை பாட்டில் எதிரேதான் இருக்கிறது.

இர்யா